மனைவி வெளியே போயிருக்கிறாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் துணி துவைக்கும் மெஷினில் கிடைத்தது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக மூன்று மெஷின்கள் உண்டு. நடு மெஷினின் பஞ்சு வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் வடியாது. யாரும் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தத் திருப்பணி என் தலையில்தான் விழும். அப்படி ஒரு செவ்வாய் மதியம், நாலு மாடிக்காரர்களின் பஞ்சையும் பொத்தான்களையும் அள்ளி வெளியே போட்டபோது உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை வந்தது. பாதி மை கரைந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்:

"62 வயது ஆண். சர்க்கரை நோயாளி. அரை மணி நேரமாக வியர்க்கிறது. கை நடுங்குகிறது. மனைவி வெளியே போயிருக்கிறாள்."

ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடி நின்று அதை மூன்று தடவை படித்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன்; நாலு புத்தகம் வந்திருக்கிறது. இப்படி ஒரு தொடக்கம் எனக்கு வாய்த்ததில்லை. அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். எங்கே போனாள்? எப்போது வருவாள்? அவர் வியர்ப்பது அவளுக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. நம் கட்டடத்திலேயே யாரோ ஒருவர் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார், அதுவும் என்னைவிட நன்றாக. இரண்டாவது மாடி சங்கீத டீச்சராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

(இந்தக் கதைக்கு முதலில் வேறொரு தொடக்கம் எழுதினேன்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், அவள் முதன்முதலாக..." மழை பெய்யவில்லை. பெய்திருந்தாலும் கீழ்த்தளத்தில் தெரியாது. அடித்துவிட்டேன்.)

2

அடுத்த செவ்வாய் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று அரை மணி நேரம் முன்னாலேயே கீழே போய் உட்கார்ந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். வெளிர்நீல யூனிஃபார்ம் இரண்டை நடு மெஷினில் போட்டுவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஓர் அட்டைக் கட்டை எடுத்தார். ஒன்றைப் படிப்பார், கண்ணை மூடுவார், உதடு அசையும், அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், நாக்கைக் கடித்துக்கொள்வார்.

நான் என்னிடம் இருந்த அட்டையை நீட்டினேன்.

"இது நீங்க எழுதினதா?"

"ஐயோ, கிடைச்சிடுச்சா! பாக்கெட்லயே விட்டுட்டேன்."

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்புறம் என்ன ஆகுது?"

"எதுக்கு அப்புறம்?"

"அந்த மனைவி. திரும்பி வர்றாளா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணின் வெள்ளை, உதட்டின் நிறம் எல்லாவற்றையும் சரிபார்க்கிற பார்வை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, இது கதை இல்ல. கேள்வி. நர்சிங் லைசென்ஸ் பரீட்சைக்கு வர்ற கேள்வி. கீழ நாலு விடை இருந்துச்சு, அது தண்ணியில போயிடுச்சு. பரீட்சை வேற மொழியில. நான் புரியறதுக்காக நம்ம மொழியில எழுதி வெச்சுக்குறேன்."

சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிப் படித்தவரின் முகம் சட்டென்று மாறிவிட்டது. பையிலிருந்து தலையணை பருமனில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இதுல மனைவியே கிடையாதே."

"அப்படின்னா?"

"வயசு இருக்கு, சர்க்கரை இருக்கு, வியர்வை, நடுக்கம், எல்லாம் இருக்கு. மனைவி இல்ல. நானா சேர்த்திருக்கேன்." அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "அவர் பக்கத்துல யாருமே இல்லையேன்னு தோணுச்சு. வீட்டம்மா இருந்திருந்தா அரை மணி நேரம் வியர்க்க விட்டிருப்பாங்களா? அப்போ வெளிய போயிருக்கணும். அதான் எழுதியிருப்பேன்."

எந்த வரியைக் கண்டு நான் பொறாமையில் வெந்தேனோ, அந்த மாதிரி வரிதான் அவரைப் பரீட்சையில் இரண்டு முறை தோற்கடித்திருக்கிறது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

3

கதையில் அவரைச் சிஸ்டர் என்றே அழைக்கிறேன்.* பதினேழு வருஷம் நோயாளிகள் அப்படித்தான் அழைத்தார்கள். வேறொரு நாட்டில், எப்போதும் கட்டிலைவிட ஆள் அதிகமாக இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கணவருக்கு இங்கே லிஃப்ட் மெக்கானிக் வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. இங்கே நர்ஸாக வேலை செய்ய வேண்டுமானால் லைசென்ஸ் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அதுவரை முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர். குளிப்பாட்டலாம், உடை மாற்றலாம், ஊட்டலாம். ஒரு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கக்கூடாது.

பரீட்சைக்கு மூன்று வாய்ப்புதான். இரண்டைத் தொலைத்துவிட்டார். மூன்றாவது ஏழு வாரத்தில். அதிலும் போனால் பழைய படிப்பு செல்லாது. நர்சிங்கை முதல் வருஷத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். "நாப்பத்தொரு வயசுல முதல் பெஞ்சுல போய் உக்காந்து, கை கழுவுறது எப்படின்னு படிக்கணுமாம்" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இவர் எப்படித் தோற்றார் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். அந்த அறுபத்திரண்டு வயதுக்காரரையே எடுத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்வீர்கள்? சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்ப்பது, டாக்டரைக் கூப்பிடுவது, அரை மணி கழித்து வந்து பார்ப்பது. சிஸ்டர் யோசிக்காமல் சர்க்கரைத் தண்ணீர் என்று போட்டுவிட்டார். புத்தகத்தில் சரியான விடை, அளவைப் பார்ப்பது.

"எங்க ஆஸ்பத்திரியில மூணு வார்டுக்கும் சேர்த்து சர்க்கரை பார்க்குற மெஷின் ஒண்ணுதான் அக்கா. அதைத் தேடி மாடிக்கு ஆள் அனுப்பி, அது பேட்டரி இல்லாம வந்து, பேட்டரிக்கு இன்னொரு ஆள் அனுப்பினா அதுக்குள்ள மனுஷன் மயங்கிடுவாரு. தண்ணியில சர்க்கரையைக் கலந்து குடுத்துட்டா அஞ்சு நிமிஷத்துல எழுந்து உக்காந்து, ஏன் இவ்வளவு இனிப்புன்னு நம்மளையே திட்டுவாரு."

அப்படி எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்து திட்டினார்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். அத்தனை பேரும் பரீட்சையில் தப்பு விடைகள்.

----
* சிஸ்டரின் நிஜப் பெயரைக் கேட்காதீர்கள். போட வேண்டாம் என்றார். போடாமல் இருப்பதுதான் எனக்கும் வசதி. பெயர் வைத்தால் அதற்குப் பொருத்தமாக எதையாவது இட்டுக்கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

4

பரீட்சை ஆஸ்பத்திரி என்று ஓர் இடம் இருக்கிறது. சிஸ்டரின் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தபோது நான் அங்கே கொஞ்ச நாள் குடியிருந்தேன்.

அங்கே ஒரு நர்ஸுக்கு நாலே நாலு நோயாளிகள். நாலு பேரும் ஆளுக்கொரு கட்டிலில் படுத்திருப்பார்கள். தரையில் யாரும் கிடையாது. கேட்ட சாமான் கேட்ட இடத்தில் இருக்கும். டாக்டர் முதல் மணியிலேயே போனை எடுப்பார், எடுத்தும் எரிந்து விழமாட்டார். உறவினர்கள் கட்டிலைச் சூழ்ந்து நின்றுகொண்டு, போன தடவை வேறு ஊசி போட்டீர்களே என்று கேட்கமாட்டார்கள். நோயாளிக்கு ஒரு நேரத்தில் ஒரு வியாதிதான் தலைதூக்கும். அவருக்கு வீட்டு வாடகைக் கவலை கிடையாது, மகனோடு சண்டை கிடையாது. நர்ஸுக்கு இடுப்பு வலிக்காது.

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரி பூமியில் எங்கேயும் இல்லை என்று சிஸ்டர் சாதித்தார். "ஒரே ஒரு நாள் இந்த ஆஸ்பத்திரியில டியூட்டி போட்டா போதும்க்கா, நான் ஆயுசுக்கும் லீவே கேக்கமாட்டேன்" என்றார்.

போனில் பாடம் நடத்தும் கோச்சிங் மாஸ்டர் அவருக்கு ஒரே குறைதான் சொல்லியிருந்தார்: "நீங்க கேள்விக்குப் பதில் சொல்றதில்லைம்மா, உங்க பழைய வார்டுக்குப் பதில் சொல்றீங்க. கேள்வியில இல்லாததச் சேர்க்காதீங்க."

கேள்வியில் இல்லாததைச் சேர்ப்பதையே இருபத்திரண்டு வருஷமாகத் தொழிலாகச் செய்துவருபவள் நான். என்னிடம்தான் சிஸ்டர் உதவி கேட்டார்: "நீங்க கதை எழுதுறவங்க. நான் எங்க கதை விடுறேன்னு உங்களுக்குத்தான் சட்டுன்னு தெரியும்."

5

ஆக, செவ்வாய்தோறும் மதியம் மூன்றரை மணிக்கு, மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்க, நான் அட்டையைப் படிப்பேன். படித்ததும் உடனே விடை கேட்கமாட்டேன். முதலில் குறுக்கு விசாரணை.

"இவருக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"தெரியாது."

"ஏற்கெனவே ஒரு தடவை இப்படி ஆகியிருக்கா?"

"தெரியாது."

"பயந்துபோயிருக்காரா?"

"கண்டிப்பா பயந்திருப்..." வாயைப் பொத்திக்கொள்வார். "தெரியாது. தெரியாது. கேள்வியில இல்ல."

நோயைப் பற்றிய படிப்பைக் கரைத்துக் குடித்தவர். எந்த மருந்து எந்த மருந்தோடு சேராது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவரை உட்காரவைத்து நூறு தடவை தெரியாது என்று சொல்லப் பழக்கினோம். வீட்டில் அவர் கணவர் சோபாவில் படுத்து நோயாளியாக நடிப்பார். லிஃப்ட் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக்கூட கழற்றாமல், "இன்னிக்கு எனக்கு என்ன வியாதிம்மா?" என்று கேட்பாராம். ஒரு நாள் பிரசவ வலி கொடுத்திருக்கிறார்கள். மனுஷன் முகம் சுளிக்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. கதாபாத்திரம் மிகவும் நல்லவராக இருக்கிறார். ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போய், எட்டு பேரைக் குளிப்பாட்டி, திரும்பி வந்து துணி துவைத்துக்கொண்டே படிக்கிறார், அலுத்துக்கொள்வதில்லை. இப்படி எழுதினால் யார் நம்புவார்கள்? ஒரு குறையாவது வேண்டுமே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.

கடைசியில் கிடைத்தது. அந்த முதியோர் இல்லத்தில் பகல் நேர நர்ஸாக ஓர் இருபத்துநாலு வயதுப் பெண் இருந்தாள். அவள் பேச்சை எடுத்தாலே சிஸ்டரின் வாய் கோணும். "நான் ஐ.சி.யூ. பார்த்தப்போ அந்தப் பொண்ணுக்குப் பால் பல்லு விழுந்துட்டு இருந்திருக்கும். இப்போ நான் அவளைக் கூப்பிட பெல் அடிக்கணும். அவ வந்து, என்ன ஆச்சுன்னு கேப்பா. எனக்குத் தெரியும் என்ன ஆச்சுன்னு! சொல்லக் கூடாது." மெஷின் மூடியை அன்றைக்கு அறைந்து சாத்தினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பொறாமை எனக்குத் தெரிந்த சரக்கு. அதன் பிறகுதான் அவரைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் வந்தது.

6

அந்த இல்லத்தில் உதவியாளர்களுக்கென்று ஒரு நோட்டு உண்டு. நேரம், அறை, பார்த்தது, யாரிடம் சொன்னது என்று நாலு கட்டம். நினைப்பதை எழுதக் கட்டம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிஸ்டர் அதில் "இதயம் பலவீனம் ஆகிறது போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில், "உதவியாளர்கள் கருத்து எழுத வேண்டாம்" என்று போட்டுவிட்டார். எல்லோரும் புரட்டுகிற நோட்டு. சிஸ்டருக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீம்புக்காக, கண்ணால் கண்டதைத் தவிர ஓர் எழுத்து எழுதுவதில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை அவர் எழுதியது இது:

"காலை 8.10. ஏழாம் அறை. மோதிரம் கழலவில்லை, திங்கட்கிழமை சோப்பு இல்லாமலே கழன்றது. செருப்புக்குள் கால் போகவில்லை. ஒரு தலையணை போதாது, மூன்று வேண்டும் என்றார்."

[சிஸ்டரின் திருத்தம்: 8.10 இல்லை, 8.15. நேரம் முக்கியம் அக்கா.]

அந்த இருபத்துநாலு வயதுப் பெண் காபியை உறிஞ்சிக்கொண்டே நோட்டைப் புரட்டியவள், கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஏழாம் அறைக்கு ஓடினாள். டாக்டர் வந்தார். உடம்பில் நீர் கோத்திருந்தது. இதயம் திணற ஆரம்பித்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் ஏழாம் அறைக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள் கழித்து, நாலு கிலோ இளைத்து, மோதிரம் விரலில் லொடலொடவென்று ஆட, திரும்பி வந்தார்.

அந்தப் பெண் துணி அலமாரிப் பக்கம் சிஸ்டரைத் தேடி வந்தாளாம். "காலேஜ்ல ஒரு மாசம் நடத்தின பாடம் அந்த மூணு வரியில இருந்துச்சுங்க. நான் காலையில அவர் ரூமுக்குப் போனேன். மோதிரத்தை நான் பார்க்கவே இல்ல" என்றாளாம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அன்றோடு அந்தப் பெண்ணைப் பற்றி வாய் கோணுவது நின்றது.

அடுத்து வருவதுதான் இந்தக் கதையின் திருப்பம். முதல் வரைவில், இதைக் கேட்டதும் நான் துள்ளி எழுந்து, "சிஸ்டர்! உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது!" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். சுத்தப் பொய். நான் அப்போது என் காலுறை ஒன்றின் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். சிஸ்டர்தான், உள்பக்கம் வெளியே வந்திருந்த ஒரு யூனிஃபார்ம் கையைப் புரட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"அக்கா. அந்த நோட்டுல நான் கதையே விடலையே."

"எந்த நோட்டுல?"

"மோதிரம் கழலலைன்னு எழுதுனேன். அவருக்கு என்னன்னு எழுதல, ஏன்னு எழுதல. பார்த்தத எழுதுனேன், அவ்வளவுதான். பரீட்சைக்காரங்களும் இதத்தானே கேக்குறாங்க?" யூனிஃபார்மைக் கூடையில் போட்டார். "இத்தனை நாள் நான் வார்டு நர்ஸாப் போய் உக்காந்தேன். அந்த நோட்டு எழுதுற ஆளாப் போய் உக்காரணும்."

எந்த நோட்டு தன்னை அவமானப்படுத்துவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு வருஷம் மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தாரோ, அதுவே அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறது. அன்றைக்கு ஐம்பது கேள்வி கேட்டேன். நாற்பத்தாறு சரி. அதற்கு முந்தின வாரம் முப்பத்தொன்று. நான் கை தட்டினேன். மூன்றாவது மாடியிலிருந்து துணி எடுக்க வந்தவர் எதற்கென்று தெரியாமலே அவரும் தட்டினார்.

7

பரீட்சைக்கு முந்தின வாரம், அதுவரை எழுதியதையெல்லாம் சிஸ்டரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) பரீட்சைக்குப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். சிஸ்டர் பையை வீசி எறிந்துவிட்டு மண்டியிடுகிறார். உயிர் பிழைக்கிறது. பரீட்சைக்கூடத்தின் கதவு மூடப்படுகிறது...

"எனக்குப் புரியல" என்றார் சிஸ்டர். "நான் கண்டிப்பா நிப்பேன். அதுல என்ன இருக்கு? ஆனா அந்த ஆளை ஏன் நீங்க அன்னிக்குன்னு பார்த்து விழ வெக்கிறீங்க? அவர் என்ன பாவம் பண்ணாரு?"

அந்த ஆளை எழுப்பி, பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இப்போது நலமாக இருக்கிறார்.

(ஆ) சிஸ்டர் பாஸ். கணவர் கட்டடத்து லிஃப்டுக்குள் பலூன் கட்டி, கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இதைக் கணவரே நிராகரித்துவிட்டார். "கதவைக் கையால பிடிச்சுட்டு நிக்கிறவங்களாலதான்க்கா எனக்கு வாரத்துல மூணு கம்ப்ளெயின்ட். சென்சார் போயிடும்."

(இ) சிஸ்டர் தோற்றுப்போகிறார். மறுநாள் காலை அதே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், ஏழாம் அறைக்காரரின் தலைமுடியை வாரிவிடுகிறார். ஜன்னல் வழியே வெயில்.

இதைச் சிஸ்டர் இரண்டு தடவை படித்தார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு, இல்ல?"

பிடித்துத்தான் இருந்தது. மூன்றில் அதைத்தான் மெனக்கெட்டு எழுதியிருந்தேன்.

"அழகாத் தோத்துப் போறத நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன்க்கா" என்றார். கோபம் இல்லை, தகவல் சொல்கிற குரல்தான். "அதுல ஒரு அழகும் இல்ல. முதல் தடவை மூணு நாள் சாப்பாடு இறங்கல. ரெண்டாவது தடவை, குளிக்கிறப்போ தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன், வீட்ல கேக்கக் கூடாதுன்னு. வெயில் எல்லாம் அடிக்கல."

எழுத்தாளர்கள் தோல்வியைத் தூரத்தில் நின்று சப்புக்கொட்டிக்கொண்டு பார்ப்பவர்கள். என்னை இப்படி ஒருவர் அதற்கு முன் பிடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது முடிவு எப்படி இருந்தது என்று உங்களுக்கு இப்போது நான் சொன்னதே அதிகம்.

8

பரீட்சைக்கூடத்தின் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்பது, தண்ணீர் கேன் ஒன்று. நான் துணைக்குப் போயிருந்தேன். கணவரால் வர முடியவில்லை; அன்றைக்கு யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பரீட்சையில் இத்தனை கேள்வி என்று கணக்குக் கிடையாதாம், அதிகபட்சம் மட்டும்தான் உண்டாம். கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஆள் தேறுவார், அல்லது தேறமாட்டார் என்று அதற்கு உறுதியானதும் திரை அணைந்துவிடும். எந்த உறுதி என்று நமக்குச் சொல்லாது. (வாசகர்களும் அப்படித்தான். எங்கேயோ ஒரு பக்கத்தில் நம்மைப் பற்றி முடிவுகட்டி, புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.)

போன இரண்டு தடவையும் கடைசிக் கேள்வி வரை போனவர், இந்த முறை ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். நான் அடித்துப் பிடித்து எழுந்தேன்.

"அதுக்குள்ளயா?"

"எண்பத்தாறாவது கேள்வியில நின்னுடுச்சு."

"அது நல்லதா?"

"தெரியாது."

"கேள்வியெல்லாம் சுலபமா?"

"தெரியாது."

"எப்படித்தான் இருந்துச்சு சொல்லுங்களேன்!"

சிஸ்டர் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் குடித்தார். "ஒருத்தருக்குக்கூட நான் மனைவியைக் குடுக்கலக்கா" என்றார். அப்புறம், "பாவமா இருந்துச்சு. எண்பத்தாறு பேரும் தனியாவே இருந்தாங்க" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர்தான் நான் வாழ்க்கையில் சந்தித்ததிலேயே பெரிய கற்பனைக்காரர். தனக்கு வாய்த்த கற்பனையை, தேவைப்படும்போது வாய் பொத்தி உட்காரவைக்கவும் தெரிந்தவர். இரண்டாவதை நான் இன்னும் கற்றுக்கொண்டபாடில்லை.

9

இப்போது வியாழக்கிழமை காலை, மணி பத்தே முக்கால். இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்துகொண்டிருக்கிறது.

பதினொரு மணிக்குப் போனில் முடிவு வரும். சிஸ்டர் வேலையில் இருக்கிறார். அங்கே போனைக் கையில் வைத்திருக்கக்கூடாது. உடை மாற்றும் அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட வேண்டும். லீவு போடச் சொன்னேன். இன்றைக்கு ஆள் குறைவு என்றார். இடையில் ஒரு நிமிஷம் போய்ப் பார்க்கலாமே என்றேன். "மூணு மணிக்கு டியூட்டி முடிஞ்சு பார்க்கிறேன்க்கா. நாலு மணி நேரத்துல விடை மாறவா போகுது?" நானாக இருந்தால் பத்து முறை கழிப்பறைக்குப் போயிருப்பேன், போனையும் ஒளித்துக்கொண்டு.

நாலாம் அறைக்கு இன்று ஒரு புது ஆள் வருகிறார் என்று நேற்றுச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன உடம்பு, தெரியாது. இட்டுக்கட்டக் கூடாது என்று சபதம் எடுத்திருக்கிறேன். ஆகவே, வேறு வழியில்லாமல், அந்தக் கட்டிலில் உங்களைப் படுக்கவைக்கிறேன். மன்னியுங்கள்.

கட்டில் உங்கள் வீட்டுக் கட்டிலைவிட உயரம். கொண்டுவந்து விட்டவர்கள் போய்விட்டார்கள். காலையிலிருந்து நாலைந்து பேர் வந்து, அழைப்பு மணி எங்கே இருக்கிறது, சாப்பாடு எப்போது வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் தலையாட்டினீர்கள். உள்ளுக்குள் உதறுகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெளிர்நீல யூனிஃபார்மில் ஒருவர் வருகிறார். வந்ததும் பேசவில்லை. உங்கள் பாதத்தைப் பார்க்கிறார். தலையணையைப் பார்க்கிறார். நீங்கள் தொடாமல் வைத்திருக்கும் டம்ளரைப் பார்க்கிறார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உங்கள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைக்கிறார். உதவியாளர் நாடியை எண்ணலாம், எண்ணி எழுதலாம். அது எப்படிப்பட்ட நாடி என்று சொல்லத்தான் அனுமதி இல்லை. ஆனால் அந்த விரல் பட்டதுமே உங்களுக்கு ஏதோ புரிகிறது. இவருக்கு வேலை தெரியும். எல்லாவற்றையும் இவரிடம் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"நீங்க நர்ஸா?" என்று கேட்கிறீர்கள்.

புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். இரண்டு வருஷம் நாலு மாதமாக அவர் இதற்கு ஒரே பதில்தான் சொல்லிவருகிறார்: "இல்லைங்க, நான் உதவிக்கு இருக்கேன். நர்ஸைக் கூப்பிடட்டுமா?" முகம் மாறாமல் சொல்வார். பிறகு துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

இப்போது மணி பதினொன்று ஆறு. விடை பெட்டகத்துக்குள் வந்து கிடக்கிறது. அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இல்லை என்று சொன்னால் அது இன்று பொய்யாக இருக்கலாம். ஆமாம் என்று சொன்னால் அது குற்றமாக இருக்கலாம். மூன்று மணிவரை பொறுங்கள் என்று பயந்துபோய்ப் படுத்திருக்கிற ஒருவரிடம் சொல்ல அவருக்கு வாய் வராது; அந்த அளவுக்கு எனக்கு அவரைத் தெரியும்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அந்த விரல்கள் இருப்பது உங்கள் மணிக்கட்டில், என் மணிக்கட்டில் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். முப்பது வினாடி ஆகும். அதுவரை பேச்சுக் கொடுக்காதீர்கள்.